மார்கழிச் சங்கும் வலை சுமந்த கலைமானும்

கோட்டை வாயிலை அடுத்த எங்கள் தெருவில் சென்ற மார்கழியில் நிகழ்ந்த ஒன்றைப் பற்றி இப்போது ஊரில் பல கதைகள் உலவுகின்றன. மான் ஒன்று கோயிலுக்கு வந்து வணங்கியது என்கிறார்கள் சிலர். செத்தவீட்டுக்கு மான் வந்தது என்கிறார்கள் வேறு சிலர். குச்சவெளியில் வாழும் என் உறவினர் ஒருவரோ, நான் இறந்து பிழைத்தவன் என்றே இன்றுவரை சொல்லிவருகிறார். கைத்தொலைபேசிகளில் சுற்றிவரும் படம் முடிவின் சிறு துண்டை மட்டுமே காட்டுகிறது. அதில் என் சால்வை தெரிகிறது, நான் தெரியவில்லை. அது நிகழ்ந்தபோது சேமக்கலத்தைக் கையிலேந்தி முன்னே நடந்தவன் நான். ஆதலால், கதைகள் காய்த்து முற்றிவிடுமுன் நடந்ததை நடந்தவாறே எழுதிவைப்பது என் கடமையாகிறது. கடமை என்று எழுதினாலும், அந்த வைகறையை நினைக்குந்தோறும் நெஞ்சு துள்ளுவதை இந்த அகவையிலும் அடக்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் நகரத்துப் புள்ளிமான்கள் மனிதரோடு தெருவைப் பங்கிட்டு வாழ்பவை. கோட்டை மேட்டில் மேயும். கடற்கரையில் படுத்து அசைபோடும். மழை வலுத்தால் பேருந்து நிலையத்துக் கூரையின்கீழ் பயணிகளுக்கு முன்னரே இடம்பிடித்துவிடும். அவற்றையும் கரையோரத்தையும் காப்பதற்கென எங்கள் பகுதியில் ஒரு சிறு தொண்டர் குழு உண்டு. அதற்குப் பெயர்ப்பலகை இல்லை, அலுவலகம் இல்லை. மருத்துவமனையில் தாதியாகப் பணியாற்றும் பெண்மணி ஒருவர் எங்கள் தலைவி. முச்சக்கரவண்டி ஓட்டும் நடுவயதினர் ஒருவர், கரையோரக் குடியிருப்பிலிருந்து மீன் விற்கவரும் பெண்மணி ஒருவர், ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற நான் ஆகியோர் ஏனையோர். வெயில் நாளில் வேறு பலரும் வருவர். மழையிலும் வருவோர் நாங்கள் நால்வரே.

மழைக்காலத்தில்தான் எங்களுக்கு வேலை மிகுதி. வாடைக்காற்று எழுந்தால் எங்கள் பக்கக் கடல் குமுறத் தொடங்கும். வள்ளங்கள் கரையேறிக் கவிழ்ந்து கிடக்கும். வலைகள் உப்புப் பூத்துக் கரையில் குவியும். அலையும் தன் பங்குக்கு எங்கெங்கோ அறுந்த நைலோன் கயிறுகளையும் நெகிழிக் கலங்களையும் கொண்டுவந்து கொட்டும். மான்கள் உப்பை நக்குவதற்காகவே வலைக்குவியலைத் தேடி வருபவை. எனவே சனிக்கிழமை தோறும் காலையில், மணலில் புதைந்த கயிறுகளை இழுத்தெடுத்துச் சாக்கில் கட்டுவோம். குளிர்ந்த மணலில் முழந்தாளிட்டுக் கயிற்றை இழுக்கையில், மறுமுனையில் கடலே பிடித்திழுப்பது போலிருக்கும். சட்டென்று அது விடும்போது நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் விழுவோம்.

அத்தகைய ஒரு காலையில்தான் அந்த ஒலியைக் கேட்டோம். ஏதோ ஒன்று எலும்பில் மோதுவதுபோல ‘டொக், டொக்’ என்று வந்தது. கவிழ்த்த வள்ளங்களுக்கு அப்பாலிருந்து ஒரு கலைமான் வெளிப்பட்டது. கொம்புடைய ஆண்மானைக் கலை என்பது நம் பழைய வழக்கு. அவ்வழக்குக்கு ஏற்ற பேரழகன் அவன். ஆனால் அவன் கொம்புகளில் வலை ஒன்று தலைப்பாகைபோலச் சுற்றிக் கிடந்தது. அதன் ஒரு கண்ணி கீழ்த்தாடையை வளைத்து இறுகியிருந்தது. வலையின் தொங்கலில் ஒரு நீலக் கலம் ஆடியது. அவன் புல்லுக்குத் தலையைத் தாழ்த்தும்போதெல்லாம் அது முன்னங்கால் முட்டியில் மோதியது. மோதியதும் அவன் வெருண்டு தலையைத் தூக்கினான். மறுபடி தாழ்த்தினான், மறுபடியும் மோதியது.

மீன் விற்கும் பெண்மணி கையிலிருந்த சாக்கைக் கீழே போட்டார்.

“உது எங்கட வலை,” என்றார். “அந்த நீலக் கான் மிதப்புக்குக் கட்டினது. நான்தான் பெயின்ற் அடிச்சனான்.”

அவர் மணலில் அமர்ந்து மானையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தபோது, “அது தலையைக் குனிஞ்சு புல்லுத் தின்னுறவரைக்கும் நான் மத்தியானம் சாப்பிடமாட்டன்,” என்று மட்டும் சொன்னார். அதைச் சூளுரையாகச் சொல்லவில்லை. நாளைக்குச் சந்தைக்கு வரமாட்டேன் என்பதுபோலச் சொன்னார். சொன்னபடியே நடந்தார்.

அன்று நாங்கள் செய்தது பெரும்பிழை. நால்வரும் நாற்புறமும் நின்று மானை மடக்க முயன்றோம். அவன் எங்களைத் திரும்பியும் பாராமல் நேரே கடலுக்குள் இறங்கினான். அலை அவன் நெஞ்சளவுக்கு ஏறியது. வலை நனைந்து கனக்க, தலை ஒருபுறம் சாய்ந்தது. “விடுங்கோ, எல்லாரும் பின்னுக்கு வாங்கோ,” என்று தாதியார் கூவ, நாங்கள் தலைதெறிக்க ஓடி வள்ளங்களுக்குப் பின்னால் மறைந்த பிறகே அவன் கரையேறினான்.

தாதியார் அரச விலங்கு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தார். அவரோ தம்பலகாமத்தில் வயலுக்குள் இறங்கிய யானைகளின் பின்னால் அலைந்துகொண்டிருந்தார். அவர் சொன்ன செய்தி தெளிவானது. மயக்க ஊசி உடம்பில் ஏறியபின்னும் மான் சிறிது நேரம் ஓடும். எங்கள் தெருக்கள் எல்லாம் கடலில் முடிபவை. கடலில் இறங்கி மயங்கினால் மூழ்கிவிடும். “நாலு பக்கமும் மதில் உள்ள ஒரு இடத்துக்குள்ள அதைக் கொண்டுவந்து விடுங்கோ. மிச்சத்தை நான் பாக்கிறன்,” என்றார் அவர்.

மதிலுள்ள இடம் இருந்தது. எங்கள் தெருவின் முடிவில், நெடுநாளாய் மூடிக்கிடக்கும் பனிக்கட்டி ஆலை ஒன்றின் வளவு. ஆளுயர மதில், ஒற்றை இரும்புக் கதவு. உரிமையாளர் திறவுகோலைத் தாதியாரிடம் மகிழ்வோடு கொடுத்தார். ஆனால் கலைமானுக்கு அந்த வளவில் என்ன வேலை? பழக்குலையைத் தொங்கவிட்டோம், ஏனைய மான்கள் வந்து தின்றுவிட்டு, வளவை அழுக்காக்கிவிட்டுப் போயின. அவன் வரவில்லை. அவனுடைய கூட்டமும் அவனை ஒதுக்கிவிட்டது. அந்த ‘டொக், டொக்’ ஒலி கேட்டாலே பிணைமான்கள் எழுந்து ஓடின.

அதற்கிடையில் மார்கழி வழிபாடு தொடங்கிவிட்டது. வைகறையில் எங்கள் தெருவார் சிலர் சங்கும் சேமக்கலமும் முழங்கப் பாடிக்கொண்டே வீதிவலம் வந்து பிள்ளையார் கோயிலை அடைவது ஆண்டுதோறும் நடப்பது. சேமக்கலம் என்பது கட்டையால் தட்டி ஒலிக்கும் வெண்கலத் தட்டு. அதைத் தட்டுபவன் நான். சங்கூதுபவர் எங்கள் முச்சக்கரவண்டிக்காரர். வழிபாடு முடிந்ததும் நீளச் சங்கு ஒருமுறை ஊதுவார். பிறகு அவலும் கடலையும் பழமும் பகிர்வார்கள். தெரு மான்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கோயில் மதிலின்மேல் அதை வைத்துவிட்டு வருவோம்.

மதிலின் உயரம் கலைமானின் வாயளவுக்கு இருந்தது. தலையைத் தாழ்த்தாமல் அவனுக்குக் கிடைத்த ஒரே உணவு அதுவே. இறுகிய தாடையால் மெல்ல முடியாமல், உதட்டால் அவலை உறிஞ்சி உறிஞ்சி எடுத்தான். மறுநாள் நாங்கள் கோயிலை அடையுமுன்பே வந்து நின்றான். அதற்கடுத்த நாள் தெருத்தொடக்கத்திலிருந்தே எங்கள் பின்னால் வந்தான்.

“ஐயா, பின்னால வாற பக்தர் உங்கட சேமக்கலத்துக்கு வாறாரோ, அவலுக்கு வாறாரோ?” என்று முச்சக்கரவண்டிக்காரர் என் காதோடு கேட்டார்.

சனிக்கிழமை அதை அவர் பகிடியாக மற்றவர்களிடம் சொல்ல, தாதியார் சிரிக்கவில்லை. கையிலிருந்த சாக்கைக் கட்டாமலே நின்றார்.

“அப்ப நீங்கள் எங்க போனாலும் அது வருமோ?”

“கடைக்குப் போனா வராது மிஸ். சங்கோட போனா வரும்.”

“ஐஸ் வளவுக்குப் போனா?”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம். மீன் விற்கும் பெண்மணி எழுந்தே நின்றுவிட்டார். அப்போது எனக்குள் ஏறிய வேகத்தை எப்படி எழுதுவேன்? பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கப்பட்ட சிறுவனைப்போல உள்ளங்கை வியர்த்தது. உடனே செய்ய வேண்டும், அன்றே செய்ய வேண்டும் என்றிருந்தது. மருத்துவரை அழைத்தோம். அன்று பிற்பகலில் ஓர் அலுவலாய் நகருக்கு வருவதாகவும், சிறிது நேரம் ஒதுக்கலாம் என்றும் அவர் சொன்னார். “பின்னேரமெண்டா பின்னேரம்,” என்றார் தாதியார். எவர் மனத்திலும் ஐயம் எழவில்லை.

ஐயம் எழுந்திருக்க வேண்டும். சங்கும் சேமக்கலமும் சேர்ந்தொலிக்கும் வேளை எங்கள் ஊரில் இரண்டே: ஒன்று மார்கழி வைகறை; மற்றையது சாவு. பிறந்த நாள் முதல் இதை அறிந்தவர்கள் நாங்கள் எல்லோரும். மகிழ்ச்சி மிகுதியால் அறிந்ததை மறந்தோம்.

பிற்பகல் வெயிலில் முச்சக்கரவண்டிக்காரர் கோயிற் சந்தியில் நின்று சங்கை ஊதினார். நான் சேமக்கலத்தைத் தட்டிக்கொண்டு நடந்தேன். முதலில் தேநீர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். உள்ளே போய்க் கடையின் இரும்புத் திரையைப் பாதிக்கு இழுத்துவிட்டார். சாவு ஊர்வலம் கடக்கும்வரை கடையைப் பாதி மூடுவது எங்கள் வழக்கம். அதைக் கண்டு மருந்துக்கடை பாதி மூடியது; பின்னர் முடிதிருத்தும் கடை. துவிச்சக்கர வண்டியில் வந்த ஒருவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார். வீட்டுப் படலைகள் வரிசையாகத் திறந்தன.

“ஆர் ஐயா மோசம் போனது?” என்று தேநீர்க்கடைக்காரர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“ஒருத்தருமில்லை. இது மானுக்காக,” என்றேன், தட்டுவதை நிறுத்தாமல்.

“மானுக்கோ? மானுக்குச் செத்தவீடு எடுக்கிறியளோ?”

“அது சாகேல்ல அண்ணை. சாகக்கூடாதெண்டுதான் அடிக்கிறம்,” என்றார் பின்னால் வந்த தாதியார். அது எவருக்கும் விளங்கவில்லை. ஒரு வீட்டிலிருந்து வந்த மூதாட்டி இறந்தவர் எவர் என்று கேளாமலே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். ‘சேமக்கலத்துக்காரர் வீட்டில்தான் ஏதோ’ என்ற பேச்சு எங்களைவிட விரைந்து நடந்தது.

இத்தனைக்கும் நடுவில் அவன் வந்தான். தெருமுனையில் அவனுடைய ‘டொக், டொக்’ கேட்டது. எங்கள் கணிப்புப் பிழைக்கவில்லை. ஆனால் அவன் கண்டது வைகறைத் தெருவை அன்று. துக்கம் கேட்கத் திரண்ட ஊரை. சட்டென்று திரும்பி, ஒரு வேலியைத் தாவினான். கலம் வேலியில் சிக்க, முழந்தாளில் விழுந்தான். உதறி எழுந்து கோட்டைப் பக்கம் ஓடி மறைந்தான். வேலிமேல் குருதி சிறிது தெரிந்தது.

ஆலைக் கதவருகே எங்களுக்காகக் காத்துநின்ற மருத்துவர் தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுத்தார்.

“கண்ணி இன்னும் இறுகிப்போட்டுது. தாடை வீங்கியிருக்கு. இனிக் கனநாள் தாங்காது.” பிறகு என் கையிலிருந்த சேமக்கலத்தைப் பார்த்து, “பின்னேரத்தில உதை அடிக்கலாமெண்டு எந்தப் படிச்ச ஆள் சொன்னது?” என்றார். நான் வானத்தைப் பார்த்தேன்.

வீடு திரும்பியபோது என் மனைவி வாசலில் நின்றார். குச்சவெளி உறவினர் தொலைபேசியில் அழைத்து, என் இறுதிச் சடங்கு எப்போது என்று அழுதபடி கேட்டாராம். “இப்பதான் தேத்தண்ணி குடிச்சிட்டுச் சேமக்கலத்தோட வெளிக்கிட்டவர் எண்டு சொன்னனான். அவர் நம்பேல்ல,” என்றார். சிறிது நேரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “செத்தவருக்கு இரவைக்குப் புட்டோ, இடியப்பமோ?” என்று கேட்டார்.

ஆனால் அன்று மாலை உண்ணும் மனநிலையில் நான் இல்லை. மறுநாள் ஆதிரை, அவ்வாண்டு வழிபாட்டின் இறுதி வைகறை. அதற்குப் பின் சங்கும் இல்லை, மதிலில் அவலும் இல்லை. அவனை அழைக்க எங்களிடம் வேறு மொழி இல்லை. மருத்துவர் யானைப் பணிக்கிடையில் வைகறையில் வந்துவிட்டுப் போவதாகத் தாதியாருக்கு வாக்குக் கொடுத்திருந்தார். ஒரே ஒரு வாய்ப்பு.

நால்வரும் தெருவை வீடுவீடாகப் பங்கிட்டுக்கொண்டோம். வேண்டுகோள் ஒன்றுதான்: வைகறையில் பாடுவோர் தவிர எவரும் வெளியே வரலாகாது, விளக்குப் போடலாகாது, படலை திறக்கலாகாது. தேநீர்க்கடைக்காரர் முணுமுணுத்தார்: “பின்னேரம் சொல்லாமலே கடையைப் பூட்டினன். இப்ப சொல்லிப் பூட்டப் பண்ணுறியள். பிழைப்பை எப்ப பாக்கிறது?” என்றாலும் ஒப்புக்கொண்டார். வீதிவலம் கோயிலைக் கடந்து ஆலை வளவுக்குப் போவது முறையாகுமா என்று கோயில் ஐயரிடம் தயங்கிக் கேட்டேன். “சுவாமி ஏற்கெனவே அந்தத் தெருவிலயும்தான் இருக்கிறார். அவலைக் கூடக் கொண்டுபோங்கோ,” என்றார் அவர்.

தெருநாய்களைப் பற்றிய கவலையை மீன் விற்கும் பெண்மணி தீர்த்தார். தம் கணவரை ஒரு வாளி மீன்தலைகளோடு மறுகோடிக்கு அனுப்புவதாகச் சொன்னார்.

“நாய்கள் அண்ணையின்ர சொல்லுக் கேக்குமோ?” என்றார் முச்சக்கரவண்டிக்காரர்.

“வீட்டில ஆரும் கேக்காதபடியால்தான் அவருக்கு அந்த வேலை குடுத்தனான்.”

“அக்கா, நீங்கள் மத்தியானம் சாப்பிடாமல் மானைவிட மெலிஞ்சு போனியள்.”

“உனக்கென்ன கவலை? நீ ஏறினாலே உன்ர வண்டியின்ர மூண்டு சில்லும் அழுகுது.”

அந்தப் பெண்மணி அன்று மாலையே ஆலைக் கதவின் துருப்பிடித்த கீல்களுக்குத் தேங்காயெண்ணெய் வார்த்து, ஒலியின்றித் திறக்கும்வரை திறந்தும் மூடியும் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போனார்.

வைகறையில் மழை தூறியது. குடை விரித்தால் மான் வெருளும் என்பதால் எல்லோரும் நனைந்தோம். ஒரேயொரு விளக்கை ஏந்தி ஒருவர் முன்னே நடந்தார். முச்சக்கரவண்டிக்காரர் சங்கை எடுத்து முதல் ஊதலை ஊதினார். என் வாழ்நாளில் எத்தனையோ மார்கழிகளில் அந்தச் சங்கைக் கேட்டிருக்கிறேன். அன்றுபோல் அது என் விலா எலும்புகளுக்குள் முழங்கியதில்லை. நான் தட்டத் தொடங்கினேன். பெண்கள் பாடத் தொடங்கினர். தெரு முழுதும் இருண்டு கிடந்தது. ஆனால் ஒவ்வொரு சாளரத்தின் பின்னும் ஒரு வீடே மூச்சை அடக்கி நிற்பதை உணர்ந்தேன். எங்கோ ஒரு குழந்தை ‘மான்’ என்று தொடங்க, ஒரு கை அதன் வாயைப் பொத்தியதும் கேட்டது.

எங்களுக்கு விதிக்கப்பட்ட கட்டளை ஒன்று: திரும்பிப் பார்க்கலாகாது. மனிதமுகம் திரும்பினால் அவன் நின்றுவிடுவான். ஆகவே நான் முன்னேயே பார்த்து நடந்தேன். செவி மட்டும் பின்னோக்கி நீண்டது. சேமக்கலத்தை ஒருமுறை தட்டி மறுமுறை தட்டுமுன் மழையின் ஒலி. பிறகு மறுபடி மழையின் ஒலி. பிறகு, மிக மெல்ல, ‘டொக்’.

“வந்திட்டார்,” என்று முச்சக்கரவண்டிக்காரர் உதடசையாமல் சொன்னார்.

‘டொக், டொக்’ என்று அது எங்களைப் பின்தொடர்ந்தது. மகிழ்ச்சியில் என் கை விரைந்தது. “மெதுவா ஐயா, நாங்கள் றெயிலுக்குப் போகேல்ல,” என்றார் அவர். கோயிலை அடைந்தோம், நிற்காமல் கடந்தோம். மதில் வெறுமையாயிருந்தது. அன்று வேண்டுமென்றே அதில் ஒன்றும் வைக்கவில்லை.

ஒலி நின்றது.

அவன் மதிலருகே நின்றுவிட்டான். நாள்தோறும் தனக்கு உணவு கிடைத்த இடத்தில் இன்று ஏன் இல்லை என்று நிற்கிறான். எனக்கு அது தெரிந்தது, திரும்பாமலே தெரிந்தது. நாங்கள் நடந்துகொண்டேயிருந்தோம், எங்களுக்கும் அவனுக்குமிடையே தொலைவு கூடிக்கொண்டேயிருந்தது. பாடுவோரின் குரல் தளர்ந்தது. என் கழுத்து தானாகத் திரும்ப முனைந்தது.

“திரும்பாதேங்கோ,” என்றார் முச்சக்கரவண்டிக்காரர். அடுத்த கணம் அவர் என் பக்கத்தில் இல்லை. சங்கை நெஞ்சோடு அணைத்தபடி, வெறுங்காலோடு, அந்தப் பாரிய உடல் மழைத்தெருவில் ஓசையின்றி ஓடியது. ஆலைக் கதவுக்குள் புகுந்தது. உள்ளேயிருந்து ஒரு நீளச் சங்கு எழுந்தது. வழிபாடு முடிந்தது, அவல் பகிரப்போகிறார்கள் என்று அறிவிக்கும் இறுதிச் சங்கு அது. மூச்சு முடியும் இடத்திலும் முடியாமல், அது நீண்டுகொண்டே போயிற்று.

மழை. மழை. ‘டொக்.’ பிறகு விரைவாக, ‘டொக், டொக், டொக்’. அவன் ஓடிவந்தான். என் முழங்கைக்கு அருகே ஈரமயிரின் வாடையும் சூடான மூச்சும் கடந்து சென்றன. நான் திரும்பவேயில்லை, அவன்தான் என்னை முந்திப்போனான். மங்கிய ஒளியில் அந்தப் புள்ளிகளையும், வலை சுமந்த கொம்புகளையும், நீலக் கலத்தையும் கைதொடும் அண்மையில் கண்டேன். வளவின் மறுகோடியில், அவன் வாயளவு உயரமான ஒரு திட்டின்மேல் அவலைப் பரப்பிவிட்டு மீன் விற்கும் பெண்மணி சுவரோடு சுவராய் ஒட்டிநின்றார். அவன் அங்கே போய் உதட்டை நீட்டினான். நாங்களும் நுழைந்ததும் எங்களுக்குப் பின்னால் தாதியார் கதவை மூடினார். தேங்காயெண்ணெய் தன் கடமையைச் செய்தது. ஒரு முனகலும் இல்லை.

மருத்துவர் பழைய பனிக்கட்டி மேடையின் பின்னாலிருந்து ஒரு நீண்ட குழாயை வாயில் வைத்து ஊதினார். ஊசி மானின் தொடையில் பாய்ந்தது. அவன் துள்ளினான், மதிலோரமாய்ச் சுற்றி ஓடினான். பாட்டு நின்றது.

“நிப்பாட்டாதேங்கோ,” என்றார் மருத்துவர். “இவ்வளவு நாளும் கேட்ட சத்தம்தானே. பாடுங்கோ.”

பாட்டு மீண்டும் தொடங்கியது. நானும் தட்டினேன், ஒரு குழந்தையைத் தட்டுவதுபோல. அவன் ஓட்டம் நடையாகி, நடை தள்ளாட்டமாகி, முன்னங்கால்களை மடித்துப் படுத்தான். மருத்துவர் கையை நீட்டித் துணி கேட்டார். என் சால்வையை உருவிக் கொடுத்தேன். அதைக்கொண்டு அவன் கண்களை மூடினார். மீன் விற்கும் பெண்மணி வலை பிரிக்கும் சிறுகத்தியோடு அவனருகே அமர்ந்தார். தாடைக் கண்ணியை மருத்துவரே அறுத்தார். ஏனையவற்றை அந்தப் பெண்மணி அறுத்தார், சிறிதும் தயங்காமல். நல்ல வலை அது.

“இந்த வலையில இதைவிடப் பெரிசு ஒண்டும் பட்டதில்ல,” என்றார் கண்ணைத் துடைத்தபடி.

“நானும் ஊதினன், டொக்டரும் ஊதினார். ஆருக்குப் பிடிபட்டதெண்டு பிறகு பாப்பம்,” என்றார் முச்சக்கரவண்டிக்காரர். மூச்சு இன்னும் அவருக்குச் சீராகவில்லை.

புண்ணுக்கு மருந்திட்டு, மாற்று ஊசி போட்டுவிட்டு, மருத்துவர் எல்லோரையும் மதிலோரம் ஒதுக்கினார். கதவு திறக்கப்பட்டது. விடிந்துவிட்டது. கலைமான் காதுகளை அசைத்தான், எழுந்தான், விழுந்தான், மறுபடி எழுந்தான். தலையை ஒருமுறை உதறினான். எதுவும் மோதவில்லை. மீண்டும் உதறினான், நம்ப முடியாததுபோல. பிறகு எங்களுள் ஒருவரையும் பொருட்படுத்தாமல் கதவைக் கடந்து கரையோரப் புல்வெளிக்குப் போனான்.

அங்கே அவன் மேயவில்லை. நின்றான். மீன் விற்கும் பெண்மணியின் கை என் மணிக்கட்டை இறுகப் பற்றியிருந்தது. அது அவருக்கே தெரிந்திருக்காது. கலைமான் தலையைச் சிறிது தாழ்த்தினான். மோதலை எதிர்பார்த்து நிறுத்தினான். இன்னும் தாழ்த்தினான். அவனது வாய் மண்ணைத் தொட்டது. புல் அறும் ஒலி, உண்மையிலேயே, எங்கள் செவிக்கு எட்டியது.

அப்போதுதான் தெருவின் படலைகள் அனைத்தும் ஒரே நேரத்தில் திறந்தன. கைத்தொலைபேசிப் படம் தொடங்குவது இங்கேதான். என் சால்வை மருத்துவரின் தோளில் கிடப்பதை அதில் காணலாம்.

மீன் விற்கும் பெண்மணி என் மணிக்கட்டை விட்டார். “அவல் மிச்சம் இருக்கோ?” என்று கேட்டார். மத்தியானம் ஆகவில்லையே என்று எவரோ சொன்னார்கள். “அது எனக்குத் தெரியும்,” என்று சொல்லிவிட்டு, திட்டின்மேல் மானுக்காகப் பரப்பியிருந்ததையே இரு கைகளாலும் வாரி உண்டார். நீலக் கலத்தை மறவாமல் எடுத்துப்போனார். மிதப்பு நல்ல மிதப்பாம். இந்த வாடையில் அவர் பக்கத்துக் குடியிருப்பின் வலைகள் எல்லாம் கொம்பு எட்டாத உயரத்தில் கழிகளில் காய்கின்றன. எங்கள் சனிக்கிழமைகள் தொடர்கின்றன.

இவ்வளவும் என் நினைவில் உள்ளபடி எழுதினேன். ஆயினும் தெருவின் தொடக்கத்திலிருந்து ஆலைக் கதவுவரை நான் ஒருமுறையேனும் திரும்பிப் பார்க்காதவன். என் முதுகுக்குப் பின்னால் நடந்ததைச் செவியால் மட்டுமே அறிந்தேன். கோயில் மதிலருகே அவன் எவ்வளவு நேரம் நின்றான், எந்தப் பக்கம் பார்த்தான், இறுதிச் சங்கைக் கேட்டவுடனே புறப்பட்டானா அல்லது தயங்கினானா என்பனவெல்லாம் என்னைவிட, விளக்கணைத்த சாளரங்களின் பின்னால் மூச்சடக்கி நின்ற உங்களுக்கே நன்கு தெரியும். எங்கேனும் நான் கூட்டியோ குறைத்தோ எழுதியிருந்தால், வைகறையிலோ பிற்பகலிலோ எப்போது வேண்டுமானாலும் என் படலையைத் தட்டிச் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன். குச்சவெளி உறவினரும் வரலாம். வந்தால் நான் உயிரோடிருப்பதையும் கண்டு செல்லலாம்.